குளிர்காலத்து அயர்லாந்து

சென்ற தை மாதத்தில் அயர்லாந்துக்குப் புறப்படப் போகிறோம் என்று கூறியதும் நண்பர்கள் சிரித்தார்கள். "தில்லிக் குளிர் போதவில்லையா? அதற்காகக் கடல் கடந்தும் போக வேண்டுமா?" என்று கேட்டார் ஒருவர். அந்நாட்டுக்குச் செல்வதற்கு ஏற்ற காலம் வைகாசி முதல் ஆவணி வரையில்தான் என்றும், குளிர்காலத்தில் படகு ஓடாது, விடுதிகள் திறந்திரா, பொழுதே சரியாக விடியாது என்றும் மற்றொருவர் எச்சரித்தார். அவர் கூறியவற்றுள் எதுவும் பொய்யன்று. ஆயினும் எங்களுக்கு விடுமுறை கிடைத்தது தை மாதத்தில். விமானக் கட்டணமும் விடுதி வாடகையும் எங்கள் கைக்கு எட்டியதும் அப்போதுதான். பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தமையால், பிள்ளைகள் இருவரையும் பாட்டியின் பொறுப்பில் விட்டுவிட்டு நாங்கள் இருவருமாகப் புறப்பட்டோம்.

திரும்பி வந்தபோது, குளிர்காலத்தில் போனதே நல்லதாயிற்று என்ற எண்ணம் எங்களுக்கு உறுதிப்பட்டிருந்தது. அதன் காரணத்தை நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குளிரும் மழையும்

முதலில் குளிரைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். அட்லாண்டிக் பெருங்கடலின் வெப்ப நீரோட்டம் அந்தத் தீவை அணைத்துச் செல்வதால், நாம் அஞ்சும் அளவுக்கு அங்கே பனி பெய்வதில்லை. டப்ளினில் தை மாதத்துப் பகல் வெப்பம் 8 பாகையை ஒட்டியிருக்கும். இரவில் 2 அல்லது 3 பாகைக்கு இறங்கும். தில்லியில் குளிர்காலம் கழித்தவருக்கு இது புதிதன்று. துன்பம் தருபவை மழையும் காற்றும்தாம். குடை பயன்படாது, முதல் நாளிலேயே எங்கள் குடை மேல்நோக்கி விரிந்து தாமரைபோல் ஆயிற்று. நீர் புகாத மேலங்கியும், நல்ல காலணியும், இரண்டு கம்பளிச் சட்டைகளும் இருந்தால் போதும். காலை எட்டரை மணிக்குத்தான் வெளிச்சம் வரும். மாலை ஐந்து மணிக்கு இருள் சூழ்ந்துவிடும். ஆகையால் பார்க்க வேண்டியவற்றை நடுப்பகலில் பார்த்து முடித்துவிட வேண்டும்.

மற்றொன்று: அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்ததாயினும், ஷெங்கன் விசாவைக் கொண்டு அங்கே நுழைய இயலாது. அதற்கெனத் தனி விசா பெற்றுக்கொள்ள வேண்டும்.

டப்ளின் நகரம்

டப்ளினில் நான்கு நாள் தங்கினோம். டிரினிட்டி கல்லூரியில் உள்ள 'கெல்ஸ் நூல்' உலகப் புகழ் பெற்றது. கி.பி. 800-ஐ ஒட்டிக் கிறித்தவத் துறவிகள் கன்றின் தோலில் எழுதி வண்ணம் தீட்டிய நற்செய்தி நூல் அது. கோடையில் அதன் முன் நீண்ட வரிசை நிற்குமாம். நாங்கள் சென்றபோது சிலரே இருந்தனர். திறந்து வைக்கப்பட்டிருந்த அந்தப் பக்கங்களின் முன் வேண்டுமட்டும் நின்றோம். ஓர் எழுத்தின் வளைவுக்குள் பின்னல், பின்னலுக்குள் பறவை, பறவையின் வாலில் மீண்டும் பின்னல். நம் வீட்டு வாசலில் இழைக்கப்படும் சிக்குக் கோலம் நினைவுக்கு வந்தது.

தேசிய அருங்காட்சியகத்தில் நுழைவுக் கட்டணமே இல்லை. பழங்காலத்துப் பொன் அணிகளும், ஆர்டா கிண்ணமும், டாரா அணியூசியும் அங்கே இருக்கின்றன. நம் குடியரசுத் தலைவராக விளங்கிய வி. வி. கிரி 1913 முதல் 1916 வரை இந்நகரில் சட்டம் பயின்றவர். தமிழின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட கால்டுவெல் பாதிரியாரும் இந்தத் தீவில் பிறந்தவரே. வடபகுதியில், ஆண்ட்ரிம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், 1814-இல், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தார். அடைமழையில் அந்த வீதிகளில் நடக்கும்போது, இங்கிருந்து புறப்பட்ட ஒருவர் திருநெல்வேலித் தேரிக்காட்டு வெயிலில் வாழ்நாளைக் கழித்தார் என்பதை எண்ணி வியந்தோம்.

ஐயாயிரம் ஆண்டுக்கு முந்திய விடியல்

டப்ளினுக்கு வடக்கே, பாய்ன் ஆற்றங்கரையில், நியூகிரேஞ்ச் என்ற இடம் இருக்கிறது. கி.மு. 3200-ஐ ஒட்டி எழுப்பப்பட்ட கல்லறை மேடு அது. எகிப்தின் கீசாப் பிரமிடுகளைவிடப் பழமையானது. ஏறத்தாழ 85 மீட்டர் குறுக்களவுள்ள அந்த மேட்டுக்குள் 19 மீட்டர் நீளமுள்ள ஒடுக்கமான கல் வழி செல்கிறது. ஒருவர் பின் ஒருவராக, தோள்களை ஒடுக்கிக்கொண்டு உள்ளே போனோம். நடுவில் சிறு அறை. சாந்து இல்லாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கிய அதன் கூரை ஐயாயிரம் ஆண்டாக மழையை உள்ளே விடவில்லை.

வாயிலுக்கு மேலே ஒரு சிறு திறப்பு வைத்திருக்கிறார்கள். ஆண்டிலேயே மிகக் குறுகிய பகல் வருகிற டிசம்பர் 21-ஐ ஒட்டிய சில நாள்களில் மட்டும், உதய சூரியனின் கதிர் அந்தத் திறப்பு வழியாக நுழைந்து, நெடும் வழியைக் கடந்து, அறையின் தரையைத் தொடும். ஏறக்குறைய 17 நிமிடம் நிற்கும், பிறகு மறைந்துவிடும். ஊரார் வாய்வழக்காகக் கூறிவந்த இச்செய்தியைச் சோதிக்க எண்ணி, பேராசிரியர் மைக்கேல் ஓ'கெல்லி 1967 டிசம்பர் 21-ஆம் நாள் விடியற்காலையில் தனியே அந்த இருட்டறையில் காத்திருந்தார். கதிர் வந்தது. இந்தக் காலத்தில் அதைக் கண்ட முதல் மனிதர் அவரே.

நாங்கள் சென்றது அந்த நாளுக்குப் பிறகு. வழிகாட்டி அம்மையார் விளக்குகளை அணைத்துவிட்டு, மின்விளக்கின் துணையால் அந்தக் கதிரை எங்களுக்குக் காட்டினார். போலிக் கதிர்தான். ஆயினும் இருளில் மெல்ல நீண்டு வந்த அந்த மஞ்சள் கோட்டைப் பார்த்தபோது எவரும் பேசவில்லை. குளிரும் இருளும் மிகுந்த நாட்டில் வாழ்ந்தோர், 'இருள் இன்றோடு குறையத் தொடங்கும்' என்று தெரிந்துகொள்வதற்கு எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள்! இதைக் கோடையில் வந்து பார்த்திருந்தால் எங்களுக்கு உறைத்திராது.

மேற்குக் கரை

டப்ளினிலிருந்து புகைவண்டியில் டிரலீ நகருக்கு நான்கு மணி நேரம். அங்கிருந்து டிங்கிள் என்ற கடற்கரை ஊருக்குப் பேருந்து. குளிர்காலத்தில் பேருந்துகள் குறைவு என்பதை அறியாமல், தேநீர் அருந்தப் போன இடத்தில் காலம் கடத்திவிட்டோம். பேருந்து போய்விட்டது. மழையில் பெட்டிகளோடு நின்ற எங்களைக் கண்டு, காரில் சென்ற முதியவர் ஒருவர் நிறுத்தினார். "எங்கே?" என்று கேட்டார். "டிங்கிள்" என்றோம். "நான் அவ்வளவு தூரம் போவதில்லை, ஆனாலும் இன்று போகிறேன், ஏறுங்கள்" என்றார். வழி நெடுகத் தம் ஆட்டு மந்தையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். இறங்கும்போது பணம் கொடுக்க முயன்றோம். அவர் முகம் வாடிவிட்டது. மனிதர் ஒருவர்க்கொருவர் நிழலாக இருந்துதான் வாழ்கிறார்கள் என்ற பழமொழி அவர்கள் மொழியில் உண்டு. அதை அன்றே கண்ணால் கண்டோம்.

டிங்கிளில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. ஓர் அம்மையார் தம் வீட்டின் மாடி அறையை எங்களுக்குத் தந்தார். அறுபது வயதைக் கடந்தவர், கணவரை இழந்தவர். கோடையில் அந்த வீட்டில் எட்டுப் பேர் தங்குவார்களாம். "கோடையில் விருந்தினருக்குச் சாவி கொடுப்பதற்கும் படுக்கை விரிப்பதற்குமே பொழுது சரியாகிவிடும். இப்போது நீங்கள் இருவர்தான். ஆகையால் சமையலறைக்கே வந்து உட்காருங்கள்" என்றார். நாங்கள் அங்கிருந்த பத்து நாளும் மாலைப் பொழுது அந்தச் சமையலறைக் கணப்பின் அருகிலேயே கழிந்தது.

அந்தக் கணப்பில் எரிவது விறகன்று; 'டர்ஃப்' என்னும் மண்கட்டி. பல்லாயிரம் ஆண்டு மட்கிய பாசியும் புல்லும் நிறைந்த சதுப்பு நிலத்தைச் செங்கல்போல் வெட்டி, வெயிற்காலத்தில் உலர்த்தி வைத்துக்கொள்கிறார்கள். சதுப்பு நிலங்களைக் காக்கும்பொருட்டு இப்போது அதன் விற்பனைக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. ஆனால் தமக்கென வெட்டிக்கொள்ளும் உரிமையுடைய குடும்பங்கள் இன்னும் எரிக்கின்றன. புகைக்கு ஒரு தனி மணம். மழையில் நடந்து வரும்போது, வீடு கண்ணுக்குத் தெரியும் முன்பே அந்த மணம் வந்து அழைக்கும்.

மரக்கறி உண்பவர் அஞ்ச வேண்டியதில்லை. சோடா மாவு சேர்த்துச் சுட்ட தவிட்டு ரொட்டி, கெட்டியான வெண்ணெய், காய்கறிச் சூப்பு, கீரையும் உருளைக்கிழங்கும் சேர்த்து மசித்த 'கோல்கானன்' ஆகியவை எங்கும் கிடைக்கும். தேநீரை நம்மைப்போலவே கடுப்பாகப் பாலூற்றிக் குடிக்கிறார்கள். வந்தவரிடம் கேளாமலே கொடுக்கிறார்கள்.

வட்டமாக அமர்ந்த இசை

மதுச்சாலைக்குப் போகலாமா என்று முதலில் தயங்கினோம். "அங்கே குடித்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை, பெற்றோருடன் பிள்ளைகளும் வருவார்கள். தேநீர் கேளுங்கள், தருவார்கள்" என்றார் அம்மையார். அவ்வாறே நடந்தது.

மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. ஒரு மூலையில் ஆறு பேர் வட்டமாக அமர்ந்திருந்தார்கள். பிடில் இருவர், மரப் புல்லாங்குழல் ஒருவர், கையால் விரித்து மடக்கும் கான்செர்ட்டினா ஒருவர், கைக்கீழ் அடக்கிய துருத்தியால் காற்றூட்டி வாசிக்கும் 'இல்லன்' குழல் ஒருவர். ஆறாமவர் கையில் 'பௌரான்': மரவளையத்தில் ஆட்டுத்தோல் இழுத்துக் கட்டிய முழவு, நம் பறைக்கு உறவு. அவர்கள் எங்களை நோக்கி வாசிக்கவில்லை. ஒருவரையொருவர் நோக்கி வாசித்தார்கள். 'ரீல்' என்பது நம் சதுஸ்ர நடையில் ஓடுவது. 'ஜிக்' என்பது திஸ்ர நடையில் துள்ளுவது. ஒரு மெட்டை இரண்டு மூன்று முறை வாசித்ததும், தலைவர் ஒருவரைக் கண்ணால் பார்ப்பார். நிறுத்தாமலே அடுத்த மெட்டுக்குத் தாவிவிடுவார்கள். ஒருவர் அருகில் பத்து வயதுச் சிறுமி தகரக் குழலோடு உட்கார்ந்திருந்தாள். தெரிந்த மெட்டு வரும்போது சேர்ந்துகொள்வாள். தெரியாதபோது மடியில் வைத்துக்கொண்டு கேட்பாள். எவரும் அவளைப் பாடத்துக்கு அழைக்கவுமில்லை, விலக்கவுமில்லை.

நடுவில் ஒரு முதியவர் எழுந்திராமலே பாடத் தொடங்கினார். பக்க வாத்தியம் எதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டார். அருகிலிருந்தவர் அவர் கையைப் பிடித்து, பாட்டின் போக்கோடு மெல்லச் சுழற்றிக்கொண்டிருந்தார். 'ஷான் நோஸ்', அதாவது பழைய முறை என்று அதற்குப் பெயர். சொல் ஒன்றும் விளங்கவில்லை. ஆயினும் நெடுநாள் பிரிவைப் பற்றியது என்று விளங்கியது.

ஆளற்ற தீவு

ஒரு நாள் மழை விட்டிருந்தது. அம்மையாரின் சகோதரர் எங்களை டன்குவின் என்ற கரைக்கு அழைத்துச் சென்றார். எதிரே கடலில் பெரிய பிளாஸ்கெட் தீவு. குளிர்காலமாகையால் படகு இல்லை. கூரையிழந்த கல் வீடுகளைக் கரையிலிருந்தே பார்த்தோம்.

அந்தத் தீவில் ஐரிஷ் மொழி பேசிய மீனவர்கள் வாழ்ந்தார்கள். பெக் சேயர்ஸ் (1873-1958) என்னும் பெண்மணி டன்குவினில் பிறந்து, மணமாகித் தீவுக்குச் சென்றவர். பள்ளியில் அவருக்குக் கற்பிக்கப்பட்டது ஆங்கிலமே. தாய்மொழியை எழுத அவர் கற்றிருக்கவில்லை. ஆயினும் நூற்றுக்கணக்கான கதைகளை நெஞ்சில் வைத்திருந்தார். அவர் சொல்லச் சொல்ல மகன் எழுதிய வாழ்க்கை வரலாறு 1936-இல் வெளிவந்தது. இளைஞர்கள் ஒருவர் பின் ஒருவராக அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். 1946-47 குளிர்காலத்தில் நோயுற்ற ஓர் இளைஞருக்கு, புயலால் மருத்துவர் வர இயலாமல், உயிர் போயிற்று. 1953-இல், எஞ்சிய சிலரையும் அரசாங்கம் கரைக்குக் கொண்டுவந்து குடியேற்றியது.

இந்தத் தீவின் கதை ஒருவகையில் நாடு முழுவதன் கதையே. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டனர். அதே அளவினர் நாட்டைவிட்டு வெளியேறினர். 1841-இல் 81 லட்சத்துக்கு மேலிருந்த மக்கள்தொகை 1851-இல் 65 லட்சமாயிற்று. தீவு முழுவதையும் சேர்த்தாலும் இன்றுவரை அந்தப் பழைய எண்ணிக்கையை எட்டவில்லை. மாண்டவரும் வெளியேறியவரும் பெரும்பாலும் ஐரிஷ் பேசிய ஏழைகள். எஞ்சியவர்கள், 'பிழைக்க வேண்டுமானால் ஆங்கிலம் வேண்டும்' என்று துணிந்தார்கள். பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டி, ஐரிஷ் பேசும்போதெல்லாம் அதில் ஒரு கோடு வெட்டி, கோடுகளை எண்ணிப் பள்ளியில் அடிக்கும் வழக்கம் இருந்தது. அதற்குப் பெற்றோரும் உடன்பட்டிருந்தார்கள் என்பதே நெஞ்சை வருத்துகிறது. அவர்கள் மொழியை வெறுத்தவர்கள் அல்லர், பிள்ளைகளை நேசித்தவர்கள்.

இன்று அரசியலமைப்பில் ஐரிஷ் முதல் ஆட்சிமொழி. பள்ளிகளில் கற்பிக்கிறார்கள். 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 18 லட்சத்துக்கு மேற்பட்டோர் அது தமக்குத் தெரியும் என்றனர். ஆனால் பள்ளிக்கு வெளியே நாள்தோறும் பேசுவோர் 71,968 பேர் மட்டுமே.

கோரைச் சிலுவை

நவம்பர் முதல் நாளிலிருந்து மார்ச் 17-ஆம் நாள் புனித பாட்ரிக் திருநாள் வரையில் கதை சொல்லும் பருவம் என்பது அங்கே பழைய வழக்கம். பெருங்கதைகளைப் பகலில் சொல்லலாகாது என்றும் நம்பினார்கள். அம்மையார் வாயிலாக இதை அறிந்தபோது, நாங்கள் பருவம் தவறி வரவில்லை, பருவத்தில்தான் வந்திருக்கிறோம் என்று தெரிந்தது.

ஜனவரி 31 மாலை, புனித பிரிஜித் திருநாளின் முன்னிரவு. மறுநாளான பிப்ரவரி முதல் நாளே அவர்கள் கணக்கில் வசந்தத்தின் தொடக்கம். 2023 முதல் இத்திருநாளை ஒட்டி நாடெங்கும் விடுமுறை விடுகிறார்கள். அம்மையாரின் ஏழு வயதுப் பேரன் வயலிலிருந்து பச்சைக் கோரையை அள்ளி வந்தான். கோரையை அறுக்கலாகாது, கையால்தான் பிடுங்க வேண்டும் என்றான். நால்வரும் சமையலறையில் அமர்ந்து சிலுவை முடைந்தோம். ஒரு கோரையை மடித்து மற்றொன்றின்மேல் போட்டு, திருப்பித் திருப்பி நான்கு கைகளும் வளரச் செய்வது. வீட்டைத் தீயிலிருந்து காக்கும் என்று வாசலின் மேல் வைப்பார்கள். பேரனும் பாட்டியும் ஐரிஷில் பேசிக்கொண்டார்கள். அம்மொழியில் ஆம், இல்லை என்பவற்றுக்குத் தனிச் சொற்கள் இல்லையாம், 'வந்தாயா?' என்றால் 'வந்தேன்' என்றே விடை சொல்ல வேண்டுமாம். நாங்களும் வீட்டில் அப்படித்தான் பேசுவோம் என்றதும் சிறுவனுக்கு ஒரே மகிழ்ச்சி.

அவன் உறங்கப் போன பிறகு அம்மையார் சொன்னார்: "என் பாட்டி டன்குவினிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். என் தாயும் அவரும் ஐரிஷில் பேசிக்கொள்வார்கள். எங்களிடம் மட்டும் தாய் ஆங்கிலம் பேசுவார். அவர்கள் இருவரும் எதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அந்த மொழியைக் கற்று முடித்தபோது பாட்டி இல்லை." சிறிது நேரம் கழித்து, "உங்கள் பிள்ளைகள் தங்கள் பாட்டியோடு எந்த மொழியில் பேசுகிறார்கள்?" என்று கேட்டார்.

உடனே விடை சொல்ல எங்களால் இயலவில்லை. "பாட்டி தமிழில் கேட்பார், பிள்ளைகள் இந்தியில் பதில் சொல்வார்கள்" என்றோம். அவர் ஒன்றும் சொல்லாமல் கணப்பில் ஒரு கட்டி டர்ஃபை எடுத்து வைத்தார்.

பிறகு அவரே ஒரு செய்தி சொன்னார். 1937 முதல் 1939 வரை அந்நாட்டு நாட்டுப்புறவியல் ஆணைக்குழு, ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தது. வீட்டுப் பெரியவர்களையும் அண்டை அயலாரையும் கேட்டு, கதை, பழமொழி, மருந்து, விளையாட்டு, ஊர்ப்பெயர் ஆகியவற்றை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வர வேண்டும். ஏறத்தாழ 50,000 பிள்ளைகள் எழுதினார்கள். அந்த ஏடுகள் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருக்கின்றன. இன்று கணினி வழியே எவரும் படிக்கலாம். தம் தாய் எழுதிய இரண்டு பக்கங்களை அதில் தேடி எடுத்து எங்களுக்குக் காட்டினார். சாய்வான, கவனமான பிள்ளை எழுத்து. கதை சொன்னவர் என்ற இடத்தில் அவருடைய பாட்டியின் பெயர் இருந்தது.

கோரைச் சிலுவை ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு திரும்பினோம். தில்லியில் அதைக் கண்டதும் பாட்டி, "இது கோரைதானே? எங்கள் ஊர்ப் பக்கத்தில் பாய் முடைவோமே" என்றார். "பாய் என்றால்?" என்று மகள் கேட்டாள், இந்தியில். பாட்டி விளக்கத் தொடங்கினார்: தாமிரபரணி வாய்க்கால், கோரை அறுப்பு, தண்ணீரில் ஊறப் போடுதல், பத்தமடைப் பாயின் மென்மை. ஞாயிறு வகுப்பில் கற்ற எழுத்துகளைக் கொண்டு அதை எழுதி வைக்குமாறு மகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தோம். எழுதுவதற்காகப் பாட்டியைக் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்பதற்காகத் தமிழில் பேச வேண்டியிருக்கிறது.

வருகிற கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும் நம் சங்கத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் இத்தகைய நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டு போகலாகாதா? திரும்பி வந்ததும் அவற்றுள் சிலவற்றை இந்த இதழிலேயே வெளியிடலாம். எங்கள் வீட்டு நோட்டில் இதுவரை எட்டுப் பக்கம் எழுதியாயிற்று. பிழைகள் ஏராளம். பாட்டி அவற்றைத் திருத்தவில்லை. மறுபடியும் மறுபடியும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.